பிளாஸ்டர் முகங்கள்

நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில், கணவரின் விசாவை ஒட்டி வந்தவள் என்பதால், சம்பளத்துக்கு வேலை பார்க்க எனக்கு அனுமதி இல்லை. வீட்டிலேயே அடைந்துகிடக்க முடியாமல், அரை மணி நேர டிரைவில் இருந்த, அருங்காட்சியகமாக மாற்றப்பட்டிருந்த பழைய சிறை ஒன்றில் வாலண்டியராகச் சேர்ந்தேன். சென்னையில் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவளுக்கு அங்கே கிடைத்த வேலை, தூசி தட்டுவது.

மாடியில் கண்ணாடி அலமாரிக்குள் ஐந்து முகங்கள் இருந்தன. அங்கே தூக்கிலிடப்பட்டவர்களின் முகத்தில், உடல் விறைப்பதற்குள் பிளாஸ்டர் பூசி எடுத்த அச்சுகள். மண்டையின் அமைப்பைப் பார்த்தே குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று அந்தக் காலத்தில் நம்பினார்களாம். கடைசி முகத்துக்காரனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவன் இடது புருவத்தில் நிஜ முடிகள் நாலைந்து பிளாஸ்டரோடு ஒட்டியிருந்தன. அவற்றைக் கவனித்த பிறகு அந்த முகத்தை மட்டும் மெதுவாகத் தூசி தட்டினேன்.

பேய் வேடமிட்டு மிரட்டி விளையாடும் ஹாலோவீன் பண்டிகை வந்தது. முகங்களை வாசலில் அடுக்கி, நெற்றியிலும் கழுத்திலும் சிவப்புச் சாயம் பூசும்படி பொறுப்பாளர் அம்மாள் என்னிடம் சொன்னாள். இவர்கள் மனிதர்கள் ஆயிற்றே என்றேன். கூட்டம் வந்தால்தான் ஒழுகும் கூரையைச் சரிசெய்ய முடியும் என்றாள்.

வீட்டில் சொன்னேன்.

"அவங்க இடம், அவங்க பொருள். உனக்கு எதுக்கு வம்பு? கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கோம், ஞாபகம் இருக்கா?" என்றார் கணவர்.

"செத்துப்போனவனோட முகம்ங்க அது."

"எந்தக் காலத்துலயோ செத்தவன். விடு."

விட்டேன். என் கையாலேயே பூசினேன்.

எங்கள் அபார்ட்மென்ட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஓர் ஆன்ட்டி அந்தக் கடைசி முகத்துப் பையனின் கன்னத்தோடு கன்னம் வைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டு, "டெகரேஷன் செமயா இருக்கும்மா! நீயா பண்ணே?" என்றார்.

"ஆமா ஆன்ட்டி" என்றேன். சிரித்தும் வைத்தேன்.

மறுநாள் சாயம் லேசில் போகவில்லை. ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தேன். துணியைத் திருப்பிப் பார்த்தபோது அந்தப் புருவ முடிகள் அதில் ஒட்டியிருந்தன. துணியைக் குழாயில் அலசினேன். சிவப்புத் தண்ணீரோடு அவையும் போயின.

முகம் புதிது போல ஆகிவிட்டது என்று பொறுப்பாளர் எல்லோர் முன்னிலும் என்னைப் பாராட்டினாள். நன்றி சொன்னேன். முடிகள் போனதை அவளிடமும் சொல்லவில்லை, கணவரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் உடம்பு சரியில்லை என்று போகவில்லை. அதற்கடுத்த வாரம் போனேன். போக எனக்கு வேறு இடம் இல்லை.