மருந்தைத் தேர்ந்தெடுக்க விடாத மலை

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

என் அக்காவின் மகள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். ஊர் அவளை இன்னும் மகன் என்றே சொல்கிறது. இன்று நுவரெலியாவில் டொக்டரிடம் கூட்டிப்போனேன். பெண் ஹோர்மோனோடு, ஆண் ஹோர்மோனை அடக்கும் மாத்திரையும் அவளுக்கு வேண்டும். இரண்டு வகை உண்டாம். ஒன்று மனச்சோர்வைக் கூட்டலாம். அவள் ஏற்கெனவே அதில் விழுந்து எழும்பியவள். மற்றது அடிக்கடி சிறுநீர் போக வைக்கும்.

"ரெண்டாவதுதான் உங்களுக்குச் சரி," என்றார் டொக்டர்.

"மலையில கக்கூஸ் இல்லீங்களே. பொம்பளைங்க செடி மறைவுல போவாங்க. நான் போனா வேலை மேய்க்கிற கங்காணி வேடிக்கை பார்ப்பாரு," என்றாள் அவள்.

தேர்தலுக்குத் தேர்தல் அந்தக் கக்கூஸைக் கட்டித்தருவதாகச் சொல்லி மாலை வாங்கிய தலைவர்களே, உங்களில் ஒருவரையும் நான் மறக்கவில்லை.

மருந்துச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு ஹட்டன் பஸ் ஏறினோம். அவளோடு ஒரே மலையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தார். இவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அடியே, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? இடுப்புல கட்டுற படங்குத் துணி எதுக்கு இருக்கு? நாங்க நாலு பேரு அவுத்துப் புடிச்சு மறைச்சு நிக்கிறோம். கங்காணி எட்டிப் பார்க்கட்டும், அப்புறம் இருக்கு அவருக்கு!"

ஹட்டனில் இறங்கியதும் இரண்டாவது மாத்திரையையே வாங்கினாள்.

என் பெயரைப் போட்டே எழுதத்தான் நினைத்தேன். "மாமா, உங்க பேரைப் பார்த்தா என்னையக் கண்டுபிடிச்சிருவாங்க," என்றாள். ஆகவே பெயரில்லாமல் போடுகிறேன்.

தலைவர்களே, நீங்கள் பெயரோடு பதில் எழுதலாம்.