உப்புச் சாக்குல கட்டின பூண்டு

மரக்காணத்துல கொல்லையில பூண்டு போட்டவ நான் ஒருத்திதான். "உப்பு வெளையற ஊர்ல பூண்டாம்மா"ன்னு மளிகைக்கடைக்காரரு கூட கிண்டல் பண்ணாரு. சிரிக்கட்டும். அந்தப் பூண்டு தேறினாத்தான் என் வீட்டுக்காரர் உசுரு தங்கும்னு அவருக்கு எப்படித் தெரியும்?

இவருக்கு துபாய் பக்கம் வேலை. பெரிய பெரிய பிளாஸ்டிக் கொட்டாய்க்குள்ள வெள்ளரிக்கும் தக்காளிக்கும் மருந்தடிக்கணும். இந்தத் தடவ லீவுக்கு இருமிக்கிட்டேதான் வந்து எறங்கினாரு. பாண்டிச்சேரியில டாக்டர் எக்ஸ்ரே படத்த வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, "இனிமே மருந்து வாடையே ஆகாது. மறுபடி போனீங்கன்னா நுரையீரல் தாங்காது"ன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டாரு. இவரு தலைய ஆட்டிட்டு வந்தாரு. பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கும்போது, "இங்க எனக்கு என்ன வேலை இருக்குது? உப்பளத்துல நாலு தடவ குனிஞ்சு நிமுந்தா மூச்சு வாங்குது"ன்னாரு. நான் பக்கத்துல பிரம்மதேசம் ஊர்க்காரி, மண்ணுல பொறந்து வளந்தவ. கொல்லையில ஏதாவது போடலாங்கன்னு சொன்னேன்.

"சரி, யாரும் போடாதத போடு. பூண்டு போடு. தேறினா குத்தகைக்கு நெலம் பாத்துக்கிட்டு இங்கியே இருக்கேன். தேறலன்னா கம்பெனிக்குத் திரும்பப் போறேன். அப்புறம் அழக்கூடாது."

கார்த்திகை மழை விட்டதும் குயிலாப்பாளையம் பக்கத்துலேர்ந்து செம்மண் எறக்கி, பாத்திய மேடா கட்டி ஊனினேன். ஜம்முனு மொளைச்சுது. மார்கழிப் பனியில புடிச்சுது சனியன். மொதல்ல இலையில சின்னதா வெள்ளைப் புள்ளி. அப்புறம் நடுவுல ஊதாவாகி, புண்ணு மாதிரி அகண்டு, இலை அங்கியே ஒடிஞ்சு தொங்குச்சு. உரக்கடையில கேட்டா, பாட்டில எடுத்து முன்னாடி வெச்சு, "ஒரு தடவ அடிங்கம்மா, பூஞ்சணம் ஓடிடும்"னாங்க. ஓடும்தான். அந்தக் கருமத்த கொல்லையில அடிச்சா அந்தக் காத்த யாரு குடிக்கிறது? அந்த மருந்துலேர்ந்து அவர காப்பாத்தத்தானே நான் இந்தப் பாடு படறேன்! வேணாம்னு வந்துட்டேன்.

நோவு கண்ட இலையக் கிள்ளி அடுப்புல போட்டு எரிச்சேன். நெருக்கமா நின்னதப் புடுங்கி காத்து போக வழி விட்டேன். சாயங்காலத் தண்ணிய நிறுத்தி, விடிஞ்சப்புறம் இலை நனையாம வேரோரமா மட்டும் ஊத்தினேன். புளிச்ச மோரத் தண்ணியில கரைச்சுத் தெளிச்சேன். கெட்ட பூஞ்சணத்தத் திங்கற நல்ல பூஞ்சணம்னு வேளாண்மை ஆபீஸ்ல ஒரு பொடி குடுத்தாங்க, டிரைக்கோடெர்மான்னு பேரு. அத மக்கின சாணியில பெசைஞ்சு வேர்ல வெச்சேன். இவரு வாசப்படியில உக்காந்து இருமிக்கிட்டே பாப்பாரு. நடுநடுவுல கம்பெனிக்காரன் போன் பண்ணுவான். இவரு எழுந்து தெருப்பக்கம் போயி பேசுவாரு. எனக்குக் கையில இருக்கற இலைய விட்டுட்டு அந்தப் போனப் புடுங்கி அடுப்புல போடலாம்னு வரும்.

மாசியில நோவு நின்னுது. புது இலை ஒண்ணுத்துல கூட புள்ளி இல்ல. பங்குனியில புடுங்கினா, நெல்லிக்கா அளவுதான், ஆனா கெட்டி. வாசனை மூக்கத் தொளைக்குது. நான் அங்கியே உக்காந்து அழுதுட்டேன். இவரு ஒண்ணக் கையில எடுத்து உருட்டிப் பாத்துட்டு, "தேறிடுச்சே"ன்னாரு.

தாளோட நெழல்ல உலத்தினோம். கட்டி வெக்கிறத நான் பாத்துக்கறேன்னு இவரே உப்பளத்துக்குப் போயி, அங்க வேலை பாக்கற தன் அண்ணன்கிட்ட பழைய உப்புச் சாக்கா வாங்கியாந்தாரு. "உப்புல எது கெடும்? கருவாடே கெடாது"ன்னாரு. எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. எல்லாத்தையும் வூட்டுக்குப் பின்னாடி இருக்கற கொட்டாய் மூலையில அடுக்கி, தார்ப்பாயால இறுக்க மூடிட்டு, "பிரிக்காத, மொளைச்சுடும்"னு சொல்லிட்டாரு. குத்தகைக்கு நெலம் பாத்தீங்களான்னு கேட்டா, "பாக்கலாம், பாக்கலாம்".

சித்திரையில கொட்டாய்ப் பக்கம் ஒரு நாத்தம். மனசு கேக்காம தார்ப்பாயத் தூக்கினேன். சாக்கெல்லாம் தண்ணியில முக்கி எடுத்த மாதிரி சொதசொதன்னு இருக்குது. வாயப் பிரிச்சா ஒவ்வொரு பூண்டு மேலயும் கரி மாதிரி கறுப்புப் பொடி. அமுக்கினா உள்ள கூழு. ஒண்ணு கூட மிச்சமில்ல. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலியேன்னு தலையில அடிச்சுக்கிட்டுக் கத்தினேன்.

சத்தம் கேட்டு பக்கத்து வூட்லேர்ந்து என் ஓரகத்தி ஓடியாந்தா. இவரோட அண்ணன் பொண்டாட்டி, கல்யாணமாகி வந்ததுலேர்ந்து உப்பளத்துல வேலை பாக்கறவ. சாக்கத் தொட்டுப் பாத்துட்டு என்னையே மொறைச்சா.

"ஏன்டி, உப்புச் சாக்குலயா போட்டீங்க? உப்பு ஊறின சாக்கு காத்துல இருக்கற ஈரத்தையெல்லாம் இழுத்துக்குமே. நாங்க தவிடு கூட அதுல வெக்க மாட்டோம்."

"எனக்கு எப்படிக்கா தெரியும்? இவருதான் வாங்கியாந்தாரு."

"அவனா? சின்னப் புள்ளையில அவன்தான்டி சாக்கத் தொட்டுப் பாத்துட்டு, ஈரம் ஏறுது, மழை வரும், உப்ப மூடுங்கன்னு ஓடியாருவான். அவனுக்கா தெரியாது?"

வேலியே பயிர மேஞ்சா யாருகிட்ட போயி சொல்றது? கறுப்புக் கையோடயே உள்ள போனேன். கண்ணாடி முன்னாடி தலை சீவிக்கிட்டிருந்தாரு.

"தெரிஞ்சேதானே செஞ்சீங்க?"

சீப்பு நின்னுச்சு. அவரு திரும்பல. இருமல் வந்துச்சு, அது அடங்கற வரைக்கும் செவுத்தப் புடிச்சுக்கிட்டு நின்னாரு.

"அந்த நீலச் சட்டை காஞ்சிடுச்சா பாரு. விசாவுக்குப் போட்டோ எடுக்கணும்."