அனலைதீவின் பங்குக் கிணறு

வியாழன் காலை ஆறரைக்கு ஊர்காவற்றுறை பஸ் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டது. முந்தின நாள் அப்புத்தளையில் ஸ்வெற்றரோடு ஏறியவன் நான். பண்ணைப் பாலம் தாண்டும்போதே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. மாசி மாதத்திலேயே இந்த வெயில்.

என்னைக் கிளப்பியது என் வாய்க்கொழுப்புத்தான். எங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் ரீச்சர் அனலைதீவுப் பிள்ளை. மலைக்காட்டோரம் என் அரை ஏக்கரில் மிளகும் கோப்பியும் போஞ்சியும் விளைகிற விளைச்சலைப் பற்றி அவளிடம் அளந்துகொண்டிருந்தேன். “எங்கட அம்மாவின்ர வெங்காயத்தை ஒருக்காப் போய்ப் பாருங்கோ அங்கிள், பிறகு கதையுங்கோ” என்றாள். பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டேன்.

ஊர்காவற்றுறையில் எட்டரைக்கு வள்ளம், நூறு ரூபா. “எங்கையிருந்து வாறீர்?” என்று கேட்டார் வள்ளக்காரர். மலையகத்திலிருந்து வெங்காயம் பார்க்க வருகிறேன் என்றேன். “பொம்பிளை பாக்கத்தான் ஆக்கள் இவ்வளவு தூரம் வாறவை” என்றார். வள்ளமே சிரித்தது.

பத்து மணிக்கு ரீச்சரின் தாய் தவமணி அக்காவின் தோட்டத்தில் நின்றேன். நாலு பரப்பு, எங்கள் கணக்கில் கால் ஏக்கர். மாரிக்கு முன்பே எருவுக்கு மாட்டுப் பட்டி அடைத்து, பூவரசம் குழையைப் புதைத்த மண். வெங்காயத் தாள் கரும்பச்சையாக நிமிர்ந்து நின்றது. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்! உடனே என் போஞ்சிக் கணக்கை அவிழ்த்துவிட்டேன்.

“அதுக்கு எவ்வளவு பசளை போட்டனீர், தம்பி?”

உரக் கணக்கையும் சொன்னேன். இப்போதெல்லாம் பத்து நாள் மழை ஒரே பின்னேரத்தில் கொட்டிப் பசளையைக் கழுவிக்கொண்டு போகிறது, அதனால் இரண்டாம் தரமும் போடுகிறேன் என்றும் சொன்னேன்.

“அப்ப ஓடைக்கும் சேத்துத்தான் தோட்டஞ்செய்யிறீர்” என்றார் அக்கா.

மழை இங்கேயும் அப்படித்தான் மாறியிருக்கிறது. முன்பு மார்கழி முழுக்க நின்று பெய்து மண்ணுக்குள் இறங்கும். இப்போது நாலு நாளில் கொட்டிவிட்டுக் கடலுக்கு ஓடுகிறது. தோட்டத்துக் கிணற்றில் நல்ல தண்ணீர் மேலே மெல்லியதாகக் கிடக்கிறது, அடியில் உவர். கூட இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். அதனால் இறைப்பு மெசின் ஓடும்போது ஒருவர் பக்கத்திலேயே இருந்து அடிக்கடி தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கிறார். உவர் தட்டியதும் நிறுத்த வேண்டும், எத்தனை பாத்தி மிச்சமிருந்தாலும் சரி. மிச்சப் பாத்திகளுக்கு அடுத்த தடவை முதல் தண்ணீர்.

அது இரண்டு குடும்பத்துக்குப் பங்குக் கிணறு. அன்று அக்காவின் முறை, மறுநாள் பக்கத்துத் தோட்டத்துச் சிவபாதம் அண்ணையின் முறை. அவருடைய வெங்காயம் கிழங்கு பருக்கிற பருவம். இந்தக் கிழமை நல்ல தண்ணீர் தப்பினால் பயிர் சிறுத்துப் போகும்.

பின்னேரம் நாலு மணிக்கு இறைப்புத் தொடங்கியது. முக்கால் மணித்தியாலத்தில் அக்கா நாக்கில் வைத்துப் பார்த்து, “இன்னும் கொஞ்ச நேரந்தான்” என்றார். அந்த நேரம் பார்த்து அக்காவின் மாட்டுக் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. “உவர் தட்டினா நிப்பாட்டும்” என்று என்னிடம் சொல்லிவிட்டு அதன் பின்னால் ஓடினார். மிச்சம் நாலு பாத்தி. மலைக்காரனுக்குத் தண்ணீர் என்றால் ஓடுவது, நிறுத்துவது அல்ல. ஒரு நல்ல காரியம் செய்வோமே என்று நாலையும் நிரப்பினேன். நாக்கில் வைத்துப் பார்க்கவே இல்லை.

திரும்பி வந்த அக்கா ஒரு கை அள்ளிக் குடித்துத் துப்பினார். மெசினை நிறுத்தினார். என்னைத் திட்டவில்லை. நேரே வேலிக்குப் போய், “சிவபாதம் அண்ணை, கிணறு உவர் ஏறிட்டுது. பிழை எங்கட பக்கம்” என்று கூப்பிட்டுச் சொன்னார்.

சிவபாதம் அண்ணை வந்து குடித்துப் பார்த்தார். “நாளைக்கு இறைக்க ஏலாது. கிணறு ஆறட்டும்” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். “தண்ணி திரும்பட்டும், பிறகு கதைப்பம்” என்றார்.

வெள்ளி காலை வள்ளத்தில் நான் ஏறவில்லை. எப்படிப் போவது? அன்று முழுக்க அவருடைய வெங்காயத் தாள் நுனிகளைப் பார்த்தபடி திரிந்தேன். மத்தியானம் அவை சோர்ந்து சாய்ந்தன. அக்கா தந்த மீன்குழம்பைப் பாதியில் வைத்துவிட்டு மறுபடி வேலிக்குப் போனேன்.

சனி காலை ஆறு மணி. சிவபாதம் அண்ணை குடித்தார், அக்கா குடித்தார். இருவரும் தலையாட்டினார்கள். அண்ணை என்னைப் பார்த்து, “நீர் மெசினுக்குப் பக்கத்தில இரும். நான் பாத்தி பாத்தியாத் தண்ணி மாத்தி விடப்போறன்” என்றார்.

“நானா?”

“ஓம். பிழை விட்ட நாக்குக்குத்தான் இப்ப பயமிருக்கும்.”

நிமிடத்துக்கு ஒரு தடவை குடித்தேன். வயிறு தண்ணீரால் நிரம்பியது. கடைசி இரண்டு பாத்தி இருக்கும்போது நாக்கின் ஓரத்தில் மெல்ல ஒரு கரிப்பு. நிறுத்திவிட்டேன். அண்ணை வந்து குடித்துவிட்டு, “எனக்கு ஒண்டும் தெரியேல்லையே” என்றார். அக்காவைக் கூப்பிட்டார். அக்கா கண்ணை மூடிக் குடித்தார்.

“தொடங்கிட்டுது, அண்ணை.”

சிவபாதம் அண்ணை காய்ந்து கிடந்த அந்த இரண்டு பாத்தியையும் ஒருதரம் பார்த்தார். பிறகு குழாயைச் சுருட்டத் தொடங்கினார்.

வள்ளம் கரையை விட்டபோது எங்கள் மலையை நினைத்தேன். அங்கே இருபது வருடமாக மூட்டைக் கணக்குச் சொல்லித்தான் நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறேன். இங்கே அக்காவோடு என் நாக்கையும் நம்பி ஒரு மனிதர் தன் இரண்டு பாத்தி வெங்காயத்தைக் காயவிட்டார். இதைவிடப் பெரிய மரியாதை எனக்கு எங்கும் கிடைத்ததில்லை.