சிங்கம் கேட்ட கல்லுக்குக் குடை

கல்லறைக் கல் கொத்தும் அக்காவுக்குச் சின்னங்கள் எல்லாம் அத்துப்படி. புறா அமைதி, நங்கூரம் நம்பிக்கை, சிங்கம் வீரம். ஆனால் வீட்டாரைத் துருவித் துருவி விசாரிக்காமல் உளியைத் தொடமாட்டார். போலீஸே அவரிடம் பாடம் படிக்கலாம்.

ஒருநாள், இறந்துபோன அண்ணன் கல்லில் சிங்கம் வேண்டுமென்று ஒருவர் அண்ணியோடு வந்தார்.

"குடும்ப கௌரவம்மா!"

"அவரு பூனைக்கே வழி விடுவாரு," என்றார் அண்ணி. "சிங்கம் இருந்தா யாரோட கல்லோன்னு நானே தாண்டிப் போயிடுவேன்."

"உங்களுக்கு என்னம்மா செய்வாரு?" என்றார் அக்கா.

"மழைன்னா பஸ் ஸ்டாப்புல குடையோட நிப்பாரு. இருபது வருஷமா."

"குடையா? ஊரே சிரிக்கும்!" என்று குதித்தார் தம்பி.

"சார், பழைய சிற்பத்துல குடை ராஜாவுக்கும் சாமிக்கும்தான். சிங்கமெல்லாம் அவங்க காலடியில கிடக்கும்."

அண்ணனை அரசராக்கத் தம்பி உடனே பெருமனதுடன் சம்மதித்து வெளியே போனார்.

அண்ணி தயங்கி நின்றார். "கொஞ்சம் சாய்ச்சுக் கொத்துங்க. என் பக்கமே சாய்ச்சுப் பிடிச்சு, அவரு நனைஞ்சுகிட்டு வருவாரு."

அக்கா அப்படியே கொத்தினார். அரச குடை நேராகத்தான் நிற்கும் என்பதைத் தம்பியிடம் சொல்ல மட்டும் அந்த மகராசிக்கு நேரமே கிடைக்கவில்லை.