கூப்பிடாமல் உள்ளே வர முடியாதவன்

ஞாயிற்றுக்கிழமை மதியமானால் பினாங்குத் தீவின் பாயான் பாருவில் ஒரு நண்பர் வீட்டில் நாங்கள் நான்கு பேர் கூடுவோம். நால்வருக்கும் கழுதை வயசு. மேசையில் தாள், பென்சில், பகடை. ஆளுக்கொரு பாத்திரமாகி, பேசியே ஆடும் கதை விளையாட்டு அது. கதையை நடத்துபவர் அந்த வீட்டுக்காரர், நாசி கண்டார் சோற்றுக்கடைக் குடும்பத்தில் பிறந்தவர். எங்களைவிட மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அண்ணன். வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளை உற்றுப் பார்த்துக் கண் பூத்துப்போன எனக்கு அந்த மூன்று மணி நேரம்தான் மூச்சு.

புதுக் கதையில் நான் இரத்தக்காட்டேரி என்று முடிவானது. பலத்தையெல்லாம் அண்ணன் அள்ளிக் கொடுத்தார். பலவீனம் ஒன்றை நானே தேர்ந்தெடுக்க வேண்டும், பலவீனம் இல்லாத பாத்திரத்தை அவர் மேசையில் சேர்ப்பதில்லை. பழங்கதைகளிலிருந்து ஒரு பட்டியலும் வைத்திருந்தார். வெயில் பட்டால் எரிந்துபோகும். பூண்டு ஆகாது. இறைத்த தானியத்தை எண்ணி முடிக்காமல் நகராது. ஓடும் தண்ணீரைத் தாண்டாது. வீட்டுக்காரர் வாய் திறந்து கூப்பிடாமல் வாசல்படி ஏறாது. பூண்டைத் தேர்ந்தெடுத்தால் பினாங்கில் ஒரு வேளைகூடப் பிழைக்க முடியாது. ஓடும் தண்ணீர் என்றால் பாலம் தாண்டிப் பெருநிலத்துக்கே போக முடியாது. அதனால் கடைசியை எழுதிக்கொண்டேன்.

அண்ணன் சிரித்தார். "நம்மாளுங்க வீட்ல இதெல்லாம் ஒரு வீக்னஸா? எவன் வந்து நின்னாலும் வாங்கன்னு சொல்லிருவாங்க லா."

அப்படியே நடந்தது. முதல் ஆட்டத்தில் வீட்டுக்காரனாக இருந்தவன், வாசலில் நிற்பது காட்டேரி என்று தெரிந்தும், பழக்க தோஷத்தில் "வாங்க வாங்க, உக்காருங்க" என்றுவிட்டான். இரண்டே நிமிடத்தில் அவன் கதையை முடித்தேன். கூப்பிட்ட சொல்லைத் திரும்ப வாங்க முடியுமா என்று அவன் கெஞ்ச, நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

திரும்பிப் போகும்போது காரில்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பலவீனத்தை நான் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. அது என்னிடம் ஏற்கெனவே இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன், பாலத்துக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில் என் அக்கா புது வீடு வாங்கிக் குடிபோனாள். அம்மா போன பிறகு எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள். அழைப்பிதழைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கூடப்பிறந்தவனை வெற்றிலைத் தட்டோடு நேரில் வந்து அழைக்க வேண்டாமா, ஊருக்கெல்லாம் போட்ட அட்டைதான் எனக்குமா என்று மூக்கு விடைத்துக்கொண்டு நான் போகவில்லை. பால் காய்ச்சுவதை எனக்காகத் தள்ளிப்போட்டுக் காத்திருந்தாளாம். நான்கு முறை போன் அடித்தாள். எடுக்கவில்லை. இனிமேல் என் வாசலை மிதிக்காதே என்று அன்று சாயங்காலம் ஒரு வரி அனுப்பினாள். நானும் மிதிக்கவில்லை. எப்பேர்ப்பட்ட வீராப்பு, நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

மூன்றாவது வார ஆட்டத்தின் நடுவில் சின்னம்மா மகளிடமிருந்து செய்தி வந்தது. அக்காவுக்குக் கல்லீரலில் புற்றுநோய். ஆறு மாதமாக வைத்தியம் பார்த்தார்களாம். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். ஆறு மாதமும் என்னிடம் யாரும் வாய் திறக்கவில்லை.

கையிலிருந்த பகடை தரையில் விழுந்தது. மற்றவர்கள் குனிந்து எண்ணைப் பார்த்தார்கள். நான் என்ன கேட்கிறேன் என்று தெரியாமலே கேட்டேன். "அண்ணே, கூப்பிடாத வீட்டுக்குள்ள இவன் போவவே முடியாதா?"

ஆட்டத்தைத்தான் கேட்கிறேன் என்று அவர் நினைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "போலாம் தம்பி. ஆனா ஒவ்வொரு அடிக்கும் உயிர் கொறையும்."

அப்போதே எழுந்து கிளம்பினேன். பாலம் நெடுகக் கடவுளிடம் பேரம் பேசினேன். நான் போய்ச் சேரும்வரை அவள் இருக்க வேண்டும். ஒரே ஒரு தடவை 'வா' என்று சொல்ல வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம் என்று கெஞ்சினேன்.

அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் மாமா, அவள் கணவர், வெளியே வந்தார். கடிதம் கொண்டுவருபவரைக்கூட 'வாங்க' என்பவர். என்னைப் பார்த்தார், கேட்டின் பூட்டைத் திறந்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். யாரென்று அக்கா கேட்பது காதில் விழுந்தது. உன் தம்பி என்றார் அவர். அந்த ஒரு சொல்லுக்காக கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் பிச்சைக்காரனைப் போல நின்றேன். அது வரவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு நானே உள்ளே போனேன். வாசலிலிருந்து அவள் அறைக்குப் பத்துப் பதினைந்து அடிதான் இருக்கும். அண்ணன் சொன்னது சரி.

மஞ்சள் பூத்த முகத்தில் கண்கள் மட்டும்தான் என் அக்காவுடையவை.

"கூப்பிடாமயே வந்துட்ட," என்றாள். "அன்னைக்கும் இப்படி வந்திருக்கலாம்லடா."

அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதன்பின் ஒன்பது நாள் நான் அவள் கட்டிலருகிலிருந்து நகரவில்லை. மூன்று வருடத்தைத் தொலைத்தவனுக்கு ஒன்பதே நாள்.

பத்தாம் நாள் காலை, அந்த வாசலில் மாமாவின் பக்கத்தில் நின்றேன். சாவு வீட்டில் யாரையும் 'வாங்க' என்று சொல்லக்கூடாது. சாவுக்கு யாரையும் தட்டு வைத்து அழைப்பதும் இல்லை. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் வந்தார்கள்.