குழாயில் வரும் குரல்

திருவட்டாறு பக்கத்தில் பெபிஷா வாய் திறந்து பேசிப் பார்த்தவர்கள் குறைவு. பிளஸ் டூ படிக்கிறாள். வகுப்பில் பெயர் கூப்பிட்டால், அவள் எச்சில் விழுங்கி முடிப்பதற்குள் டீச்சர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். ஆனால் அவள் குரல் நுழையாத வீடு ஊரில் கிடையாது.

அப்பா ஜேசுதாஸ் மைக் செட் வைத்திருக்கிறார். ஊரில் சாவு என்றால் ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டித் தெருத்தெருவாக அறிவிப்பவர் அவர்தான். போன வருடம் தொண்டையில் ஆபரேஷன் ஆனதும் குரல் போய்விட்டது. மகளை அறைக்குள் உட்காரவைத்து, சாவு அறிவிப்பை அவள் குரலில் போனில் பதிவு செய்தார். முகம் தெரியாதே என்று அவளும் சம்மதித்தாள். செத்தவர் பெயரை நிறுத்தி, இழுத்து, இரண்டு முறை சொல்லுவாள். கேட்டவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

வினை அங்கேதான் பிடித்தது. கடையில் போய் "அரைக் கிலோ சீனி" என்றால் கடைக்கார டிஜோவின் கை அப்படியே நின்றுவிடும். "செத்தது ஆரு மக்கா?" என்பார். பஸ்ஸில் "கொஞ்சம் தள்ளுங்க" என்றால் சீட்டே காலியாகும். இருந்த கொஞ்சப் பேச்சும் போயிற்று. பாவம், அந்தப் பிள்ளைக்கு ஒரு சிநேகிதிகூட மிஞ்சவில்லை.

வாலிபர் ஞாயிறு அன்று சபையில் வேதபாடம் வாசிப்பது இளசுகள்தான். பெபிஷா தானாகவே போய்ப் பெயர் கொடுத்தாள். ஒரு தடவையாவது தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊர் தன் குரலைக் கேட்க வேண்டும், பயம் தெளிய வேண்டும் என்ற வைராக்கியம்.

பாடத்தில் வந்தது என்னவோ கல்யாண வீடு. அவள் வாயில் பழகிய இழுப்புதான் வந்தது. இருமல் நின்றது. கைக்குழந்தைகளும் அடங்கின. வாசித்து வேதாகமத்தை மூடிய பிறகும் ஒருவரும் அசையவில்லை. அத்தனை முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. செத்தவர் பெயருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தவளின் கையை, எழுபது தாண்டிய சத்தியபாய் பிடித்துக்கொண்டார்.

"எனக்க பேர ஒருக்கா சொல்லு மக்கா. நான் செத்த பொறவு நீ சொல்லும்போ எனக்குக் கேக்காதுல்லா?"

சுற்றி நின்றவர்கள் யாரும் தடுக்கவில்லை. அவர்களும் கேட்பதற்குக் கிட்டே வந்தார்கள்.

பெபிஷாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"மாட்டேன் மாமி!" கோயில் முற்றம் முழுக்கக் கேட்டது. "அடுத்த ஞாயிறும் நான்தான் வாசிப்பேன். உயிரோட வந்து இருந்து கேளுங்க."