இரண்டாம் பாகத்தில் வரக் கூடாதவன்

எட்டு விஷயங்களைச் சிரித்துக்கொண்டே எழுதினோம். ஒன்பதாவதை எழுதும்போது நான் மட்டும் சிரிக்கவில்லை.

ஜீவனஹள்ளியில் நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடைதான் எங்கள் கூடாரம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஓர் ஆங்கில விண்வெளிப் படம் தமிழ் பேசிக்கொண்டு கண்டோன்மென்ட் பக்கத்துத் தியேட்டருக்கு வந்து, எங்கள் நாலைந்து பேருக்குக் கிறுக்குப் பிடிக்க வைத்திருந்தது. நான் ஏழு தடவை பார்த்தேன். எங்களில் மூத்த கிறுக்கன், பக்கத்துத் தெருவில் ஸ்கூட்டர் மெக்கானிக்காக இருந்த என் நண்பன், பன்னிரண்டு தடவை. அவனுடைய மாமா அந்தத் தியேட்டரிலேயே ஆபரேட்டர் என்பதால் அதையெல்லாம் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி. படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் ஒரு மூலையில் செய்தி வந்ததும், அமெரிக்காவில் இருக்கும் டைரக்டருக்கு நாங்கள் வழிகாட்டியே தீருவது என்று முடிவு செய்தோம். என்ன வைக்க வேண்டும் என்று சொல்ல ஞானம் வேண்டும், என்ன வைக்கக் கூடாது என்று சொல்ல நாமே போதும் என்றான் மெக்கானிக். அதில் நியாயம் இருந்தது.

வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தோம். ஜோக் அடிக்கிற ரோபோ வேண்டாம். கம்ப்யூட்டரை இரண்டு தட்டு தட்டி உலகத்தைக் காப்பாற்றும் பத்து வயது மேதாவி வேண்டாம். வேற்றுக்கிரகத்து ஜந்துவின் முகத்தைக் காட்ட வேண்டாம்; முதல் பாகத்தில் கதவுக்கு அந்தப்புறம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டதே, அந்தப் பயமே எங்களுக்குப் போதும். எல்லாம் கனவு என்று கடைசியில் சொல்லி எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள வேண்டாம். இப்படியே எட்டு வந்துவிட்டது. அப்புறம்தான் நான் பேனாவை வாங்கி எழுதினேன்: செத்தவன் திரும்பி வரக் கூடாது.

மெக்கானிக் துள்ளிக் குதித்தான். "ஹீரோ இல்லாம இன்னா மச்சி ரெண்டாம் பார்ட்டு? எவன் பாப்பான்?"

"அவன் செத்துட்டான்டா."

"பாடிய காட்னாங்களா? பாடிய காட்டலன்னா சாவலன்னு அர்த்தம். சினிமாவுல அதான் ரூல்."

மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் எழுந்து வெளியே போய் நின்றேன். அந்த ரூலை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் என் அம்மா மூன்று வருஷம் ஓட்டினாள் என்பது அவர்களுக்குத் தெரியும். மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

என் அண்ணன் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் வேலைக்குப் போனான். ஒருநாள் சரக்குப் படகிலிருந்து கடலில் விழுந்துவிட்டான், உடல் கிடைக்கவில்லை என்று தந்தி வந்தது. வீட்டில் அழுகை ஓய்ந்து பதினோராம் நாள், அங்கிருந்து லீவில் வந்த வேலூர்க்காரர் ஒருவர் கதவைத் தட்டி ஒரு கேசட்டைக் கொடுத்தார். அப்போதெல்லாம் அரபு நாட்டுக்குப் போனவர்கள் கடிதம் எழுதச் சோம்பல்பட்டு டேப்பில் பேசி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவது வழக்கம். அவருக்கு விஷயமே தெரியாது. "பையன் நல்லா கீறாம்மா" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்.

கேசட்டில் அண்ணன் இருமினான், சிரித்தான், சாப்பிட்டாயா என்று கேட்டான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தந்தி முதலில் வந்தது, குரல் பிறகு வந்தது. செத்தவன் பேசுவானா? அவளுடைய கணக்கு அவ்வளவுதான். கருமாதி என்ற பேச்சை எடுத்த பெரியப்பாவை வாசலோடு திருப்பி அனுப்பினாள். தினமும் அண்ணனுக்கு ஒரு தட்டு வைத்தாள். வாசல் கதவைத் தாழ்போட விடமாட்டாள். நான் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது சமையலறையில் யாரிடமோ பேசிக்கொண்டிருப்பாள். என்னைப் பார்த்ததும் நிறுத்துவாள். அந்த வீட்டில் எனக்குப் பயமாக இருந்தது. பெற்ற தாயைப் பார்த்துப் பயப்படுவது வெட்கக்கேடு, ஆனால் பயந்தேன்.

அப்படிப்பட்டவளை அந்த முதல் பாகத்துக்கு நான் அழைத்துப்போனது ஏதோ யோசித்துச் செய்ததல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டைவிட்டு வெளியே வரட்டுமே என்றுதான். படத்தில் ஒருவன் கூட்டாளிகளைக் காப்பாற்ற விண்கலத்தின் கதவை வெளிப்பக்கமிருந்து மூடிவிட்டு இருட்டில் மிதந்து போகிறான். பூமியில் அவனுடைய தாய் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவன் பேசுகிறான், சிரிக்கிறான். அப்போது ஓர் அதிகாரி வந்து சொல்கிறார்: அம்மா, இந்தக் குரல் இங்கே வந்துசேர ஒன்பது நாள் ஆகிறது, பேசினவர் இப்போது இல்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது ரயில்வே கேட்டில் நின்றோம். வண்டி போய்க்கொண்டிருந்தது. அம்மா கேட்டாள்: "அந்த சத்தம் முன்னாடியே கெளம்பிடுச்சாடா?"

"ஆமாம்மா. தூரம் ஜாஸ்தி இல்லையா."

"வந்து சேர்றதுக்குள்ள அவன் பூட்டான்."

"ஆமாம்மா."

மறுநாள் காலையில் பெரியப்பாவுக்குச் சொல்லியனுப்பினாள். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போய், ஆற்றங்கரையில் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் கட்டி, அதை அண்ணனாக நினைத்துக் காரியம் செய்தோம். உறவுக்காரர்களும் பூசாரியும் மூன்று வருஷமாகச் சொல்லிப் புரியாததை ஒரு டப்பிங் படம் இரண்டு மணி நேரத்தில் புரியவைத்துவிட்டது. அம்மா தட்டு வைப்பதை நிறுத்தினாள். அவனுடைய சட்டைகளைத் தெருவில் கொடுத்தாள். கதவைத் தாழ்போட்டுக்கொண்டு தூங்கினாள். நான் அந்தப் படத்தை ஏன் ஏழு தடவை பார்த்தேன் என்று இப்போது புரிந்திருக்கும். கோவிலுக்குப் போகிற மாதிரி போனேன்.

ஆகவே ஒன்பதாவது வரியை அடிக்க நான் விடவில்லை. எட்டோடு ஒன்பதாக ஏர்மெயிலில் அனுப்பினோம். பதில் வரவில்லை. அதற்குள் வருஷங்கள் ஓடின. கடையில் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வந்தது, எனக்குத் தொப்பை வந்தது. ஒருவழியாக இரண்டாம் பாகமும் வந்தது. முதலில் ஆங்கிலத்தில்தான் போட்டார்கள். போய்ப் பார்த்தோம். ஜோக் அடிக்கும் ரோபோ இருந்தது. மேதாவிப் பையன் இருந்தான். ஜந்து குளோஸப்பில் பல்லைக் காட்டியது. எங்கள் பட்டியலைப் பார்த்து ஒன்று விடாமல் சேர்த்த மாதிரி இருந்தது. கடைசிக்குச் சற்று முன்னால் கலத்தின் கதவு தானாகத் திறந்தது. உள்ளே அவன் நின்றான். கட்டிப்பிடித்து அழுதார்கள், ஆறு நிமிஷம். தியேட்டரில் விசில் பறந்தது. இதை அம்மா பார்க்கவே கூடாது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தமிழில் வந்தபோது நான் வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் மார்க்கெட் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரை அம்மா பார்த்துவிட்டாள். நல்லவேளை, அவன் திரும்பி வருவதை ரகசியமாக வைத்திருந்ததால் போஸ்டரில் அவன் முகம் இல்லை.

"அந்தப் புள்ளயோட அம்மா அப்புறம் இன்னா ஆனாங்கன்னு பாக்கணும்டா" என்றாள். படம் நன்றாயில்லை என்றேன். டிக்கெட் கிடைக்காது என்றேன். "நீ வரலன்னா போ, நான் எதிர்வூட்டுக்காரி கூட போறேன்" என்றாள். போவாள், தெரியும்.

மெக்கானிக்கைப் பிடித்தேன். அவன் என்னை மாமாவிடம் அழைத்துப்போனான். ஆபரேட்டர் மாமா கத்தரியில் கைதேர்ந்தவர். படம் நீளமாக இருந்தால், கரண்ட் போய்த் தாமதமானால், கடைசி பஸ்ஸுக்கு ஜனங்கள் முணுமுணுத்தால், ஒரு பாட்டையோ சண்டையையோ வெட்டி ஒட்டிவிடுவார். வெட்டியதை ஆணியில் மாட்டி வைத்து, படத்தைத் திருப்பி அனுப்பும்போது சேர்த்துவிடுவார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் பீடியைக் கீழே போட்டார்.

"ஆறு நிமிசம் தான? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணா ஆச்சு. கதவு தொறக்கற வரைக்கும் வுட்டுடறேன். அப்புறம் நேரா கப்பல் பூமிக்குத் திரும்பற சீன். அவன் வந்ததே யாருக்கும் தெரியாது. ஞாயித்துக்கெழமை மேட்னிக்கு அம்மாவ இட்டுக்குனு வா."

அழாத குறையாக அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சினிமாவைத் திருத்தி என் தாயைக் காப்பாற்றப்போகிறேன் என்ற கர்வமும் எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் கூட்டம் இல்லை. நான் ஓரத்தில், அம்மா என் பக்கத்தில், அவளுக்கு அந்தப்புறம் காலியான நாற்காலியில் அவளுடைய பை. ரோபோவைப் பார்த்து அம்மா சிரித்தாள். எனக்கு அந்த ரோபோவைப் பிடித்துப்போனது. விண்வெளிக்காரனின் தாய் ஒரே ஒரு காட்சியில் வந்து தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டாள். அம்மா தலையாட்டினாள். "தேறிட்டாங்க" என்றாள். எனக்கு அது போதும், எழுந்து போய்விடலாம் என்றிருந்தது.

கலத்தின் கதவு திறந்தது. உள்ளே இருட்டு. திரை ஒருமுறை குதித்தது. அவ்வளவுதான், வெட்டியாயிற்று. அடுத்த காட்சி வந்துவிட்டது: பூமிக்குத் திரும்புகிற கப்பலுக்குள் ஆளில்லாத நீளமான நடைபாதை, ஒவ்வொன்றாக அணைகிற விளக்குகள். நான் மூச்சை விட்டேன்.

அந்த வெறும் நடைபாதையின் மேல் ஒரு குரல் கேட்டது.

"வந்துட்டேன்."

ஒரு வார்த்தைதான். ஒரு விநாடிகூட இருக்காது. பிறகு இசை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, முன்வரிசையில் ஒருவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அது என் அண்ணனின் குரலாக இருந்தது. அத்தனை சின்னச் சத்தத்தில் யார் குரலும் யார் குரலாகவும் இருக்கலாம் என்று அன்றிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவைப் பார்க்கப் பயந்துகொண்டு பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. பால்கனி வாசலில் தொங்கிய திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றுக்கு அது லேசாக ஆடியது. பிறகு அந்தப்புறம் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலி நாற்காலியை முந்தானையால் துடைத்தாள்.

"உக்காருப்பா" என்றாள்.

படம் முடிந்து விளக்கு போட்டதும் நான் ஆபரேட்டர் அறைக்கு ஓடினேன். மாமா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். பிலிமில் படமும் சத்தமும் ஒரே இடத்தில் இருக்காதாம். பிலிமின் ஒரு கட்டத்தில் இருக்கும் படத்துக்குரிய சத்தம் அதற்கு இருபது கட்டம் முன்னாலேயே ஓரத்தில் பதிந்திருக்குமாம். ஆளை வெட்டினாலும் அவனுடைய முதல் வார்த்தை வெட்டாத பக்கத்தில் தங்கிவிடும். அந்த ஓரத்தில் மை தடவிச் சத்தத்தை அடைக்க வேண்டும். "பாட்டு, சண்டைய வெட்றப்போ ஒரு பீஸ் சத்தம் நின்னா எவனும் கண்டுக்க மாட்டான். அதே பழக்கத்துல வுட்டுட்டேன்பா" என்றார். அவரைத் திட்டி என்ன பயன்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடித்தவன் நான்தான். அந்த ஆறு நிமிஷத்தை அப்படியே விட்டிருந்தால், அம்மா ஒரு வெள்ளைக்காரனைப் பார்த்திருப்பாள். நீலக் கண், செம்பட்டை முடி, யாரோ ஒருவன். அவன் முகத்தை வெட்டி எடுத்துவிட்டு, குரலை மட்டும் அவளுக்குக் கொடுத்தவன் நான்.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா நிதானமாக நடந்தாள். அடிக்கடி நின்று, யாரோ பின்தங்கிவிட்டதுபோலத் திரும்பிப் பார்த்தாள். அன்று மூன்று தட்டு வைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரி, ஆறு நிமிஷம், இருபது கட்டம், மை. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

நான் கெஞ்சிக் கேட்டதால் மாமா மறுநாளே அந்தத் துண்டை ஒட்டிவிட்டார். நான் முதலில் தனியாகப் போய்ப் பார்த்தேன். முகத்தோடு கேட்டபோது அந்தக் குரல் அண்ணனின் குரல்போல இல்லவே இல்லை. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து அம்மாவின் காலைப் பிடித்தேன். ஒரே ஒரு தடவை வா, அவன் மூஞ்சியைப் பார், பார்த்துவிட்டு நீயே சொல் என்றேன்.

அம்மா உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"இப்பத்தான் வந்துருக்கான். அவன வூட்ல தனியா வுட்டுட்டு எப்பிட்றா சினிமாவுக்குப் போறது?"